பழைய முகவரியை அழிப்பதா, திருப்பிவிடுவதா?

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். டாட் காமில் இருந்த அகப்பக்கம் டாட் காம் டாட் எம்ஒய்க்கு மாறியாயிற்று. பெயர்ப்பலகை, பில் புத்தகம், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் புது முகவரி ஏறிவிட்டது. கூகுளில் தேடினால் மட்டும் போன தீபாவளிக்குப் போட்ட விலையோடு பழைய பக்கமே முன்னால் வந்து நிற்கிறது. இந்த நிலையில் எந்தக் கடைக்காரரும் கேட்கும் முதல் கேள்வி: "தம்பி, அதைக் கூகுளிலிருந்து அழித்துவிட முடியாதா?"

முடியும். இருக்கிற வழிகளிலேயே வேகமானதும் அதுதான். பெரும்பாலான கடைகளுக்கு ஆகவே ஆகாததும் அதுதான். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் உள்ள நீக்கல் கருவியில் முகவரியைக் கொடுத்தால், வழக்கமாக ஒரு நாளைக்குள் அந்தப் பக்கம் தேடல் முடிவுகளிலிருந்து மறைந்துவிடும். மறைவதுதான், அழிவதல்ல. சுமார் 6 மாதம் கழித்துத் தடை விலகும். பழைய சர்வரில் அந்தப் பக்கம் அப்படியே இருந்தால் மறுபடி தலைகாட்டும். அதைவிடப் பெரிய நட்டம், பழைய முகவரியைத் தேடி வந்த வாடிக்கையாளர் புதிய இடத்துக்கு வந்து சேர்வதில்லை. பத்து வருடம் சேர்த்த பெயரை நம் கையாலேயே மூடிவைக்கிறோம்.

301 ரீடைரக்ட் இதற்கு நேர் எதிர். பழைய முகவரியைத் தட்டுகிறவரையும், பக்கங்களைப் படித்துப் பட்டியலிட வரும் கூகுளின் நிரலையும், 'நிரந்தரமாக மாறிவிட்டோம்' என்று சொல்லி சர்வரே புதிய பக்கத்துக்கு அனுப்பிவைக்கிறது. பழைய பக்கம் சம்பாதித்த மதிப்பும் கூடவே போகிறது. பிங் உட்பட எல்லாத் தேடுபொறிகளுக்கும் புரிகிற மொழி இது. குறை ஒன்றே: பொறுமை வேண்டும். நடுத்தர அளவிலான தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் மாறிவரச் சில வாரங்கள் ஆகலாம் என்பது கூகுளே சொல்லும் கணக்கு. ஆகவே தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தளத்தை மாற்றுகிறவரை என்னால் மெச்ச முடியாது. வியாபாரம் மந்தமான மாதத்தில் செய்யுங்கள். தளத்தை நிர்வகிக்கும் ஹோஸ்டிங் பலகையில் 301, 302 இரண்டும் அருகருகே இருக்கும். 302 என்பது தற்காலிக மாற்றம். அதைத் தேர்ந்தால் கூகுள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

திருப்பிவிடுவதிலும் சோம்பேறி வழி, ஒழுங்கான வழி என இரண்டு உண்டு. எல்லாப் பழைய பக்கங்களையும் புதுத் தளத்தின் முகப்புக்குத் தள்ளிவிடுவது முதல் வகை. ஐந்துமுக விளக்கைத் தேடியவர் முகப்பில் வந்து விழித்துக்கொண்டு நிற்பார். கூகுளும் அதைக் 'காணாமல்போன பக்கம்' என்றே கணக்கில் வைக்கும். பக்கத்துக்குப் பக்கம் இணை போட்டுத் திருப்புவதுதான் சரி. தமிழில் முகவரி வைத்தவர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை. 'விளக்கு' என்பது முகவரியில் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட சரமாகிவிடும். 'வ' ஒன்றுக்கே 9 குறிகள். 'வி' என்றால் இகரத்தின் மேல்விலங்குக்கு இன்னொரு 9 சேர்ந்து 18. அந்தச் சரத்தை அப்படியே வெட்டி, அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் முகவரியைத் திருப்பும் ரீரைட் விதியில் ஒட்டினால் விதி வேலை செய்யாது. ஏனென்றால் சர்வர் அதைத் தமிழாக அவிழ்த்த பிறகே ஒப்பிடுகிறது. விதியையும் தமிழிலேயே எழுதி, கோப்பைத் தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும்.

சர்ச் கன்சோலின் முகவரி மாற்றக் கருவியை ரீடைரக்டுக்குப் போட்டியாகச் சிலர் நினைக்கிறார்கள். அது துணை மட்டுமே. பழையது, புதியது இரண்டும் உங்களுடையவை என்று உறுதிசெய்து, 301 போட்ட பிறகுதான் அது ஏற்கும். டொமைன், அதாவது தளத்தின் பெயர், மாறும்போது மட்டும் பயன்படும். அதே டொமைனுக்குள் பக்கங்களை இடம் மாற்றினாலோ எச்டிடிபியிலிருந்து பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போனாலோ அதற்கு வேலையில்லை.

தேடுபொறி நிரல்கள் எங்கே நுழையக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் பழைய தளத்தைத் தடுப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வீடு மாறிய அறிவிப்பை உள்கதவில் ஒட்டிவிட்டு வாசல் கேட்டைப் பூட்டுவது போன்றது அது: நிரல் உள்ளே வந்தால்தானே 301ஐப் பார்க்கும்? தடுத்த முகவரி விவரமில்லாத வெறும் இணைப்பாகப் பட்டியலில் தொங்கிக்கொண்டே இருக்கலாம்.

அப்படியானால் அழிப்பதற்கு இடமே இல்லையா? உண்டு. பழைய பக்கத்தில் வேலையை விட்டுப்போன ஊழியரின் கைத்தொலைபேசி எண் இருக்கிறது என்றால் அன்றைக்கே நீக்கல் கருவியைப் பயன்படுத்துங்கள். கையோடு சர்வரிலிருந்தும் எண்ணை எடுத்துவிடுங்கள். ஈடான புதுப் பக்கமே இல்லாத, முடிந்துபோன தைப்பூசச் சலுகை மாதிரியானவற்றுக்கு 404 ('பக்கம் இல்லை') அல்லது 410 ('நிரந்தரமாக நீக்கப்பட்டது') என்று சர்வர் பதில் சொன்னால் போதும். பிறர் தளத்தில் உங்களைப் பற்றிய தகவல் மாறிய பிறகும் கூகுள் பழையதைக் காட்டினால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் தனிக் கருவி இருக்கிறது. அதற்குத் தள உரிமை தேவையில்லை.

எல்லாம் முறையாகச் செய்த பிறகும் கடைக்காரர் பழைய டொமைன் பெயரையே தட்டித் தேடிப் பார்த்துவிட்டு, "இன்னும் வருகிறதே!" என்பார். பழைய பெயரைக் கேட்டால் கூகுள் பழையதைக் காட்டத்தான் செய்யும். மாற்றம் பதிவான பிறகும் அப்படி வருவதுண்டு. 'பினாங்கு குத்துவிளக்கு' என்று தேடிப் பாருங்கள், எந்த முகவரி வருகிறது என்று.

301ஐக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அதற்குப் பழைய டொமைனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நானாக இருந்தால் ஓராண்டோடு நிறுத்தமாட்டேன். கைவிட்ட டொமைனை யாரும் வாங்கலாம். சூதாட்டத் தளக்காரர்கள் இப்படிப்பட்ட பெயர்களுக்காகவே காத்திருக்கிறார்கள். குத்துவிளக்குக் கடையின் பழைய இணைப்பு இன்னும் எத்தனையோ கல்யாணப் பட்டியல்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கிடக்கும். புதுப்பிப்புக் கட்டணத்தைக் கடை வாடகையோடு சேர்த்து எழுதிவைத்துவிடுங்கள்.