காலேஜ்ல இன்னொரு வருஷமா, எம்எல்எஸ்ஸா, நேரா யூரோப்பா: நம்ம நம்பர் 9 எந்தப் பக்கம் போகணும்

ஞாயித்துக்கிழமை என்சிஏஏ (அமெரிக்க காலேஜ்) ஃபுட்பால் டோர்னமென்ட் ரெண்டாவது ரவுண்டுல பெனால்ட்டில தோத்துட்டு வெளிய வந்தோம், பார்க்கிங் வந்து சேர்றதுக்குள்ள எங்க கேங்ல மூணு கட்சி ஆயிடுச்சு. ஒருத்தன் “மச்சான், அவன் இன்னொரு வருஷம் இருந்தா நாம காலேஜ் கப்புக்கே, அதான் கடைசி நாலு டீம் சுத்துக்கே, போயிடலாம்டா”ங்கறான், இன்னொருத்தன் டிசம்பர்ல எம்எல்எஸ் (அமெரிக்க ப்ரொஃபஷனல் லீக்) டிராஃப்ட்ல, அதாவது கிளப்புங்க வரிசையா காலேஜ் பசங்கள எடுக்கற தேர்வுல, போயே ஆகணும்ங்கறான், மூணாவது ஆளு ஸ்வீடன் நார்வே பக்கம் நேரா போறதுதான் புத்திசாலித்தனம்னு அடிச்சு சொல்றான். ரெண்டு நாளா அதே பேச்சு, அதனால மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துடலாம்னுதான் இத எழுதறேன்.

முதல்ல பையன் யாருன்னு சொல்லணும். ஜூனியர், அதாவது மூணாவது வருஷம், சென்டர் ஃபார்வர்டு. அன்னிக்கு ரெண்டு கோலும் அவனோடதுதான். ரெண்டாவது சாதா கார்னர் ஹெட்டர், அத விடுங்க. முதல் கோல் இருக்கே, டிஃபென்டர் முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்கறான், பாஸ் வருது, இவன் பந்த தொடவே இல்ல, கால விலக்கி அப்படியே உடம்புக்கு குறுக்கால ஓட விட்டுட்டு அந்தப் பக்கமா திரும்பிட்டான், டிஃபென்டர் இன்னும் இவன் தோள புடிச்சுக்கிட்டு இருக்கான், பந்து இடது கால்ல தரையோட தரையா ஃபார் போஸ்ட்ல போய் ஒக்காந்துடுச்சு. அந்த வயசுல அந்த நிதானம் எல்லாருக்கும் வராது.

ஆனா இன்னொன்னும் பாத்தேன். 70-வது நிமிஷம் வாக்குல கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சுன்னு வெளிய வந்தான். காலேஜ் ரூல்படி செகண்ட் ஹாஃப்ல வெளிய போனவங்க ஒரு தடவ திரும்ப உள்ள வரலாம், ப்ரொஃபஷனல் மேட்ச்ல அது கிடையாது. நாங்க பெஞ்சுக்கு பின்னாடியேதான் ஒக்காந்திருந்தோம், கோச் திரும்பி எவ்வளவு நேரம்னு கேட்டதுக்கு இவன் அஞ்சு விரல காட்டினான், பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. அந்த பன்னெண்டு நிமிஷத்துலதான் அவங்க 2-2 ஆக்கினாங்க. யூரோப் கட்சிக்காரன் இத மறந்துட்டுதான் பேசறான்.

சரி, காலேஜ்லயே இருக்கறது. இதுக்கு நல்ல உதாரணம் ஜோர்டன் மோரிஸ். ஸ்டான்ஃபோர்டுல படிச்சுக்கிட்டே 2015 ஏப்ரல்ல அமெரிக்க டீமுக்காக மெக்ஸிகோ மேல கோல் போட்டாரு, அப்பவே போயிருக்கலாம், போகல, இன்னொரு சீசன் ஆடி ஃபைனல்ல கிளெம்சன 4-0ன்னு அடிச்சு கப்பு, அதுல ரெண்டு கோல் அவரோடது, சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹெர்மன் டிராஃபியும் கையில. இருந்ததுனால அவர் ஒண்ணும் கெட்டுப் போகல. 2024-ல வெர்மான்ட் சீடிங்கே இல்லாம வந்து ஃபைனல்ல மார்ஷல 2-1ன்னு எக்ஸ்ட்ரா டைம்ல கவுத்து சாம்பியன் ஆனதையும் பாத்தோம், அந்த ஆசை எனக்கும் இல்லாம இல்ல, இந்தப் பையன் நம்ம ஜெர்சில டிசம்பர் மாசம் ஆடறத பாக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது.

ஆனா காலேஜ் சீசன்ங்கறது ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சு நவம்பர்ல முடியற விஷயம், நல்லா போனா டிசம்பர். வாரத்துக்கு ரெண்டு மேட்ச்னு திணிச்சு ஆடறாங்க, அந்த கெண்டைக்கால் சும்மா புடிக்கல. அப்புறம் ஸ்பிரிங்ல பேருக்கு நாலஞ்சு மேட்ச். அதே வயசுல கிளப்ல இருக்கற பையன் ஒன்பது பத்து மாசம் ஆடறான். 18 வயசுல இந்த வித்தியாசம் பரவால்ல, 21-ல கணக்குல வரும். இதுல இன்னொரு சிக்கல், எம்எல்எஸ் காலண்டரயே மாத்தறாங்க, 2027 பிப்ரவரில இருந்து மே வரைக்கும் ஒரு குட்டி சீசன், ஜூலைல இருந்து புது முறை. இவன் 2026-ல சீனியர் வருஷம் முடிச்சு போனா சரியா அந்தக் குட்டி சீசன்ல போய் விழுவான், 14 மேட்ச் ரெகுலர் சீசன்ல எந்த கோச் புதுப் பையன வெச்சு சோதனை பண்ணுவாரு?

யூரோப் விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். அந்தப் பக்கம் ஒரே ஒரு நல்ல பாயின்ட் இருக்கு, ஸ்வீடன் நார்வேல சீசன் வசந்தத்துல ஆரம்பிக்குது, ஜனவரில போனா டீமோட சேந்தே பயிற்சி ஆரம்பிக்கலாம், டைமிங் கச்சிதம். இங்கிலாந்துன்னா கதவே தொறக்காது, பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் வொர்க் பர்மிட் பாயின்ட் கணக்குல காலேஜ் மேட்ச் எத்தன ஆடினாலும் பிரயோஜனம் இல்ல. மோரிஸே 2016 ஜனவரில ஜெர்மன் கிளப் வெர்டர் பிரெமன்ல ட்ரையலுக்கு போயிட்டு, அப்புறம் வேண்டாம்னு சொந்த ஊரு சியாட்டிலுக்கு கையெழுத்து போட்டாரு, அந்த வருஷமே ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுகம்), எம்எல்எஸ் கப்பும் சேத்து. காலேஜ்ல இருந்து வந்து யூரோப்ல பேர் எடுத்தவங்கள எண்ணிப் பாருங்க, கிளின்ட் டெம்ப்ஸி, டிம் ரீம், ஜாக் ஹாரிசன், தஜான் புக்கானன், எல்லாருமே எம்எல்எஸ் வழியாத்தான். டிராஃப்ட்லயே எடுபடாத மேட் டர்னர் கூட நியூ இங்கிலாந்துல ஆடி காட்டிட்டுத்தான் ஆர்சனலுக்கு போனாரு.

ஆக எம்எல்எஸ். இதுலதான் நெறைய பேச வேண்டியிருக்கு, ஏன்னா டிராஃப்ட்னு மொத்தமா சொல்லிட்டா போதாது. ஜெனரேஷன் அடிடாஸ் கான்ட்ராக்ட் (காலேஜ் முடிக்கறதுக்கு முன்னாடியே நல்ல பசங்களோட எம்எல்எஸ் போடறது) கெடச்சு போறது வேற, சும்மா பேர் குடுத்துட்டு மூணாவது ரவுண்டுல எடுபடறது வேற. ஜெனரேஷன் அடிடாஸ்னா அவன் சம்பளம் கிளப்போட பட்ஜெட் கணக்குல (சம்பள வரம்புல) ஏறாது, அதனால கிளப்புக்கு அவன வெச்சு பொறுமையா வளக்கறதுல கஷ்டம் இல்ல, பிற்பாடு படிப்ப முடிக்க பணமும் அதுலயே ஒதுக்கி இருக்கும். அவங்க அம்மா அப்பா கவலை படிப்பு பத்திதான்னா இதுலயே பாதி பதில் இருக்கு. கைல அந்த ஆஃபர் இல்லாம டிராஃப்டுக்கு போறதுன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், அந்த ஒரு நிலைமைல மட்டும் நானும் காலேஜ் கட்சிதான்.

நம்ம பசங்க பேசறப்ப எல்லாம் “டாப் 5-ல போவானா”ன்னுதான் பேசறாங்க. எனக்கு நம்பர் முக்கியமா படல. எம்எல்எஸ் கிளப்புங்க காச கொட்டி வெளிநாட்டுல இருந்து வாங்கறதே பெரும்பாலும் ஃபார்வர்டுங்களத்தான், டெசிக்னேட்டட் பிளேயர்னு சம்பள வரம்ப மீறி வாங்கின ஸ்ட்ரைக்கர் ஒருத்தர் இருக்கற டீமுக்கு போனா இவன் மூணாவது சாய்ஸ். டிஃபென்டர்னா கதையே வேற, அலிஸ்டேர் ஜான்ஸ்டன் 11-வதா எடுக்கப்பட்டு நாஷ்வில்ல முதல் வருஷமே ஆடி இப்ப ஸ்காட்லாந்துல செல்டிக்ல இருக்காரு. ஃபார்வர்டுக்கு இடம் காலியா இருக்கணும். சைல் லாரின் 2015-ல முதல் ஆளா ஆர்லாண்டோவுக்கு போனாரு, அது எம்எல்எஸ்ல அவங்களுக்கு முதல் சீசன், ஆட வெச்சாங்க, 17 கோல், அப்ப அது ரூக்கி ரெக்கார்டு. அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஆர்லாண்டோ டேரில் டைக்க அஞ்சாவதா எடுத்தாங்க, அடுத்த வருஷமே இங்கிலாந்து கிளப் பார்ன்ஸ்லிக்கு லோன்ல போய் 9 கோல் போட்டாரு. (அப்புறம் அகிலீஸ் காயத்துல அவர் பட்ட பாடு, நெனச்சாலே வருத்தமா இருக்கு.)

ஆனா எனக்கு நம்ம பையனுக்கு ரொம்ப பொருந்தி வர்ற ஆளு பேட்ரிக் அஜெமாங். டிவிஷன் 3 (மூணாவது மட்டம்) காலேஜ்ல ஆரம்பிச்சு ரோட் ஐலண்ட் யுனிவர்சிட்டிக்கு மாறி, 2023-ல ஷார்லட் 12-வதா எடுத்தாங்க. நேரா மெயின் டீம்ல போட்டு ஒக்கார வெக்கல, எம்எல்எஸ் நெக்ஸ்ட் ப்ரோல (கிளப்புங்களோட ரெண்டாவது டீமுங்க ஆடற லீக்) அவங்களோட க்ரவுன் லெகசி டீம்ல ஆட விட்டாங்க, அடுத்த வருஷம் மெயின் டீம்ல இடம், 2025-ல அமெரிக்க டீம், அந்த கோடைலயே இங்கிலாந்துல டார்பி கவுன்டி. நெக்ஸ்ட் ப்ரோ 2022-லதான் ஆரம்பிச்சது, மோரிஸ் காலத்துல இந்த லீக் கிடையாது, அதனாலதான் அந்தக் கால உதாரணத்த அப்படியே இங்க கொண்டு வந்து போட முடியாதுன்னு சொல்றேன். 90 நிமிஷம் திரும்ப உள்ள வர்ற வசதி இல்லாம ஆடிப் பழக இவனுக்கு அந்த மாதிரி ஒரு வருஷம்தான் வேணும்.

பொண்ணுங்க பக்கம் என்டபிள்யூஎஸ்எல்ல (அமெரிக்க பெண்கள் லீக்) 2024-ல டிராஃப்டையே தூக்கிட்டாங்க, எந்த கிளப்புன்னு அவங்களே பேசி முடிவு பண்ணிக்கலாம். பசங்களுக்கு அந்த உரிமை இல்லாதது எனக்கு உண்மையிலேயே ஆத்திரமா இருக்கு. ஆனாலும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஏஜென்ட் மூலமா எந்தெந்த கிளப் கண்ணு வெச்சிருக்கு, அவங்க ரெண்டாவது டீம்ல இந்த வருஷம் யாரு நம்பர் 9 ஆடினான்னு விசாரிக்க முடியும்ல, அத விசாரிக்கணும்.

என் ஓட்டு அதுக்குத்தான்: ஜெனரேஷன் அடிடாஸ் ஆஃபர் வந்தா ஜனவரிலயே கெளம்பட்டும். நேத்து காலைல ஜிம் பக்கம் போனப்ப அவன பாத்தேன், காதுல ஹெட்போன், சைக்கிள்ல மெதுவா பெடல் பண்ணிக்கிட்டு, அந்த வலது கெண்டைக்கால்ல இன்னும் நீல டேப் ஒட்டியிருந்துச்சு.