பாரஃபின் பிளாக்கில் காசநோயைத் தேடுவது: ஐஎஸ்6110 பிசிஆரா, எக்ஸ்பெர்ட் அல்ட்ராவா?

ஃபார்மலினில் ஊறவைத்து பாரஃபின் மெழுகில் பதித்த திசுத் துண்டுதான் பிளாக். அதில் காசநோய்க் கிருமி உயிரோடு இருக்காது. கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு) வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. ஸ்லைடில் கிரானுலோமா (காசநோயிலும் வரும் அழற்சிச் செல்களின் திரள்) தெரிகிறது, கிருமியைக் காட்டும் ஜீல்-நீல்சன் சாயத்தில் சிவப்புக் குச்சி ஒன்றும் அகப்படவில்லை, பயாப்ஸியை மறுபடி எடுக்கவும் முடியாது. இந்தக் கட்டத்தில்தான் பிளாக்கை பிசிஆருக்கு (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு) அனுப்பலாமா என்ற பேச்சு வரும். ஆய்வகமே டிஎன்ஏ பிரித்து ஓட்டும் ரியல்-டைம் பிசிஆர் ஒரு வழி. மாதிரியை ஏற்றினால் மீதியை உள்ளேயே செய்துமுடிக்கும் எக்ஸ்பெர்ட் அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் இன்னொன்று.

தேடும் இலக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துண்டு ஒரே கிருமியில் பல பிரதிகளாக இருக்கும் என்பதால் இரண்டுமே அதை நம்புகின்றன. சில கிருமி வகைகளில் அது ஒரு பிரதிகூட இருக்காது. அல்ட்ரா ஐஎஸ்1081 என்ற இன்னொரு துண்டையும் சேர்த்துத் தேடுவதால் அங்கே தப்பித்துக்கொள்ளும்.

வித்தியாசம் தயாரிப்பில்தான் இருக்கிறது. ஆய்வக பிசிஆருக்கு 10 மைக்ரான் சீவல்கள் நான்கைந்து வெட்டி, சைலீனில் மெழுகை நீக்கி, எத்தனாலில் கழுவி, புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே-யில் 56 டிகிரியில் இரவு முழுக்க விடுவார்கள். பிறகு 90 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடு. ஃபார்மலின் போட்ட முடிச்சுகளை அவிழ்ப்பது இதுதான். கிருமியின் மெழுகுச் சுவர் தடிமனானது, ஆகவே சிறுமணிகளோடு குலுக்கி உடைத்தால் விளைச்சல் கூடும்.

இதே டிஎன்ஏ கரைசலை அல்ட்ராவில் ஊற்றினால் காரியம் கெட்டுவிடும். கார்ட்ரிட்ஜ் முழுக் கிருமியை வடிகட்டியில் பிடித்து, கழுவி, அதன் பிறகே ஒலி அதிர்வில் உடைக்கிறது. ஏற்கெனவே வெளியே வந்த டிஎன்ஏ வடிகட்டியைத் தாண்டிக் கழிவுக்குப் போய்விடும். ஆகவே அல்ட்ராவுக்குத் திசுவை மட்டும் செரிக்கவிட்டு, கிருமியை உடைக்காமல் ஏற்ற வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு எழுதப்பட்டது சளிக்கு; பிளாக்குக்கான முறையை ஆய்வகமே சரிபார்த்து வைத்திருந்தால்தான் முடிவை நம்பலாம்.

‘இல்லை’ என்று வரும் முடிவில்தான் ஏமாற்றம் அதிகம். அல்ட்ராவின் உள் கட்டுப்பாடு (சோதனை சரியாக ஓடியதா என்று காட்டுவது) கார்ட்ரிட்ஜிலேயே வைத்த பேசில்லஸ் என்ற வேறு பாக்டீரியாவின் வித்துகள். பிசிஆரைத் தடுக்கும் பொருள் இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த வித்துகள் ஃபார்மலினைப் பார்த்ததே இல்லை. நோயாளியின் திசுவில் டிஎன்ஏ நொறுங்கிக் கிடக்கிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆய்வக பிசிஆரில் பீட்டா-குளோபின் போன்ற மனித மரபணுவையும் கூடவே ஓட்டலாம். அதுவும் வரவில்லை என்றால் அறிக்கையில் ‘காசநோய் இல்லை’ என்று எழுதக்கூடாது, ‘மாதிரி தகுதியற்றது’ என்றே எழுத வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, நல்ல ஆய்வகம் கைவசம் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

திசு நொறுங்குவதற்குக் காரணங்கள் தெரிந்தவையே: பஃபர் சேர்க்காத ஃபார்மலின், நாட்கணக்கில் ஊறவிடுவது, எலும்பை மென்மையாக்க அமிலம் (இடிடிஏ மெதுவானது, ஆனால் டிஎன்ஏவைக் காப்பாற்றும்). பழைய பிளாக்கில் 100 இணைகளை (டிஎன்ஏ எழுத்து ஜோடிகளை) ஒட்டிய குட்டித் துண்டுதான் தேறும். நீண்ட இலக்கு தோற்றுப்போகும்.

பொய் ‘ஆம்’ விஷயத்தில் கார்ட்ரிட்ஜ் முந்துகிறது. பெருக்கம் மூடிய கூட்டுக்குள் நடப்பதால் குழாய் திறந்து கலப்படம் ஆக வழியில்லை. குழாயைத் திறந்து இரண்டு சுற்று ஓட்டும் நெஸ்டட் பிசிஆர் இந்தக் கலப்படத்துக்குப் பேர்போனது. மைக்ரோடோம் (சீவல் வெட்டும் கருவி) வழியாக வரும் கலப்படத்துக்கு மட்டும் இரண்டுமே ஆளாகும்: பிளாக்குக்கு பிளாக் பிளேடை மாற்றி, நடுவே வெற்று மெழுகு பிளாக் ஒன்றை வெட்டி அதையும் ஓட்டுங்கள்.

அல்ட்ராவின் கவர்ச்சி, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்ற முடிவு. கிருமி குறைந்த பிளாக்கில் பெரும்பாலும் ‘டிரேஸ்’ (அற்பத் தடயம்) என்று வந்து நின்றுவிடும். அப்போது ரிஃபாம்பிசின் பற்றி எதுவும் சொல்லாது. எதிர்ப்பு என்று வந்தாலும் யோசிக்க வேண்டும். ஃபார்மலின் சைட்டோசினைச் சிதைத்தால் அது தைமின்போல வாசிக்கப்படும். பரவலான எதிர்ப்பு மாற்றமும், அதாவது டிசிஜி என்ற எழுத்து வரிசை டிடிஜி ஆவதும், அதே மாற்றம்தான். சில பிரதிகளே இருக்கும்போது இது குழப்பலாம், மறுபடி ஓட்டிப் பார்க்காமல் மருந்தை மாற்றக்கூடாது.

சாயத்தில் குச்சி தெரிந்து, மனித மரபணுவும் நன்றாக வந்து, இரு சோதனையும் ‘இல்லை’ என்றால் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாவை (காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளை) நினையுங்கள். எது என்று அடையாளம் காண எச்எஸ்பி65 மரபணு வரிசையாக்கம் கேட்கும்போது வழக்கமான சுமார் 440 இணைத் துண்டுக்குப் பதில் குட்டி இலக்கு உள்ளதா என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.