எட்டு வருடம், ஒரு ஜிப்சி: கரிசலுக்கும் ஆபீசுக்கும் ஒரே வண்டி

2017 மாசியில் வாங்கினேன். 2006 மாடல் மாருதி ஜிப்சி கிங், 1.3 லிட்டர் பெட்ரோல், துணிக்கூரை. வாங்கிய அன்று மீட்டரில் 61,000 இருந்தது, இன்று 1,39,000. இடையில் ஓடிய 78,000 கிலோமீட்டரில் முக்கால்வாசி கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்கு வேலைக்குப் போய்வந்த கணக்கு. மீதிக்காகத்தான் வண்டியையே வாங்கினேன்: எங்கள் கரிசல் காட்டுக்குப் போகும் இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை, சாத்தான்குளம் பக்கம் மச்சினனின் தேரி (செம்மணல்) நிலம், அப்புறம் வைப்பாற்றுப் பக்கம் சில வேண்டாத வேலைகள்.

ஜிப்சியை எடுத்ததற்குக் காரணம் எடை. வெறும் வண்டி ஒரு டன்னுக்குள்தான். புதைந்துவிட்டால் நாலு பேர் கை கொடுத்தே நகர்த்திவிடலாம். லேடர் சேஸி (ஏணி போன்ற இரும்புச் சட்டம்), முன்னும் பின்னும் ஒரே கட்டையான ஆக்சில், தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் நாலு சக்கர இழுவை, அதில் ‘4எல்’ என்று தனியாக ஒரு இழுவை கியர். இவ்வளவும் கம்பெனியிலிருந்தே வந்தவை. இதற்குமேல் என்ன வேண்டும் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

முதல் வருடமே 31 அங்குல டயர் மாட்டினேன். பத்தரை அங்குல அகலம், மேலே பெரிய பெரிய பட்டன் போன்ற ரப்பர் கட்டிகள், சேற்றுக்கென்றே செய்த வகை. அது உள்ளே உரசாமல் இருக்க வண்டியை மூன்று அங்குலம் தூக்கினேன். பார்க்க ஜம்மென்று இருந்தது. டீக்கடையில் நிறுத்தினால் பையன்கள் படம் எடுப்பார்கள். அந்த மூன்று வருடமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கணக்கு இதுதான். கம்பெனி டயர் 205/70 ஆர் 15, விட்டம் சுமார் 67 சென்டிமீட்டர். 31 அங்குலம் என்றால் 79 சென்டிமீட்டர். சக்கரம் ஒரு சுற்றுக்கு 18 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 70-ல் போய்க்கொண்டிருப்போம். எல்லா கியரும் அதே அளவு நீண்டுவிடும். ஐந்தாவது கியர் எதிர்காற்றில் நிற்காது, நாற்கரச் சாலையிலும் நாலாவதிலேயே உறுமிக்கொண்டு போக வேண்டும். லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி எட்டரைக்கு இறங்கியது. பவர் ஸ்டீரிங் கிடையாது, கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் நிறுத்தி எடுப்பதற்குள் தோள் இறங்கிவிடும். தூக்கியதால், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, 70-ஐத் தாண்டினால் தரையில் ஒரு அதிர்வு. அந்த ஷாஃப்டின் மூட்டான யூஜே கிராஸை ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றினேன்.

எல்லாவற்றையும் விட அம்மாவின் முழங்கால். அறுபத்தெட்டு வயதில் அந்த உயரத்துக்கு அவர்களால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. பின்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு வைத்திருந்தேன். கோயில், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, எங்கே போனாலும் முதலில் முக்காலி இறங்கும், அப்புறம் அம்மா இறங்குவார்கள்.

சரி, காட்டிலாவது அந்த டயர் உதவியதா? கரிசல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண், மழை பட்டதும் தண்ணீரைக் குடித்து உப்பி, அரைத்த மாவு போல் ஒட்டும். பட்டன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாலு சுற்றில் இடைவெளியெல்லாம் மண் அப்பிவிடும். அதன்பின் அது மொட்டை டயர்தான். 2018 ஐப்பசியில், இரண்டு நாள் மழைக்குப் பிறகு, டயர் மீதிருந்த நம்பிக்கையில் இறக்கினேன். நூறு மீட்டர் போயிருப்பேன். வண்டி பக்கவாட்டில் வழுக்கி உளுந்துப் பாத்திக்குள் உட்கார்ந்தது. டிராக்டரோடு வந்த சித்தப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஏல, இந்த ஈரத்துல நாங்க மாட்டையே இறக்க மாட்டோம், நீ வண்டிய இறக்கியிருக்கியே!”

இப்போதும் அந்தப் பாதைக்கு என்னிடம் டயர் தீர்வு எதுவும் இல்லை. மழை விட்டு இரண்டு வெயில் அடிக்கும் வரை போவதில்லை. அவசரம் என்றால் வண்டியைத் தார்ச்சாலையில் விட்டுவிட்டு நடை.

தேரி அப்படியே எதிர். இரும்புச் சத்தால் சிவந்த காற்றடி மணல். ஆடிக் காற்றில் நேற்றிருந்த தடம் இன்று இருக்காது. அங்கே வேலை செய்வது டயரின் காற்றைக் குறைப்பதுதான். ரோட்டில் 26 பிஎஸ்ஐ வைத்திருப்பதை 15-க்கு இறக்கினால் டயர் தட்டையாகி நீளமாகத் தரையைப் பிடிக்கும். 4எச்-ல் (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகம்) இரண்டாவது கியர், சீரான ஓட்டம், நடுவில் நிற்கக் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. காற்று குறைந்த டயரை ஒடித்தால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சக்கரம் சும்மா சுழல ஆரம்பித்தால் அழுத்தாமல் காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். அங்கே உள்ள உடைமுள் பெரிய தொந்தரவு. காற்று இறங்கிய டயரின் பக்கச் சுவர் பிதுங்கி நிற்கும். அதில் முள் ஏறினால் பஞ்சர் கிட் பிரயோஜனப்படாது, ஸ்டெப்னிதான். பேட்டரியில் ஓடும் காற்று கம்ப்ரஸர் ஒன்று வாங்கினேன். இந்த எட்டு வருடத்தில் இந்த வண்டிக்குச் செய்ததிலேயே உருப்படியான செலவு அதுதான். பட்டா நிலத்துக்குள் மட்டும் ஓட்டுகிறோம், காப்புக்காட்டுக்குள் சக்கரம் வைப்பதில்லை.

தேரியை விட்டுத் தார்ச்சாலை ஏறியதும் இரண்டு காரியம்: காற்று நிரப்புவது, 2எச்-க்கு (பின்சக்கர இழுவை மட்டும்) மாற்றி, முன்சக்கரத்தை ஆக்சிலிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப்பைத் திருப்பி விடுவது. முன், பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி இது. காய்ந்த தாரில் 4எச்-லேயே ஓட்டித் திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு எதையாவது உடைக்கும்.

வைப்பாற்றில் ஒரு தவறு செய்தேன். நாற்பது கிலோமீட்டர் ஓடிய சூட்டோடு முழங்கால் தண்ணீரில் இறக்கி, நடுவில் நிறுத்தி, படம் எடுத்தேன். சூடான ஆக்சில் கூடு திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஒரு வாரம் கழித்து மெக்கானிக் ஆயிலை வடித்துக் காட்டினார். “அண்ணாச்சி, காபி நல்லாயிருக்கா?” பால் ஊற்றிய காபி நிறமேதான். அன்றைக்கே அந்த மூச்சுக்குழாய்களில் ரப்பர் டியூப் செருகி என்ஜின் பக்கம் மேலே கொண்டுபோய்க் கட்டினோம். செலவு நானூறு ரூபாய்.

2021-ல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டி வந்தது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. முன்னால் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டுக்கு 2017 டிசம்பரிலேயே தடை. சட்டத்துக்குப் பயந்துதான் எல்லாவற்றையும் கழற்றினேன், ஞானம் வந்து அல்ல. பழைய ஸ்பிரிங், கம்பெனி அளவு டயர். ஆனால் டயர் மட்டும் கல், மண், தார் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆல் டெரைன் வகை. அந்த அளவில் லேசில் கிடைக்காது, இரண்டு மாதம் காத்திருந்து வரவழைத்தேன்.

வீட்டுக்கு ஓட்டி வரும்போதே தெரிந்தது, எந்த வண்டியைத் தேடி மூன்று வருடம் செலவு செய்தேனோ அது ஏற்கெனவே என்னிடம் இருந்திருக்கிறது என்று. மைலேஜ் 12-க்குத் திரும்பியது. தேரியில் 31 அங்குலம் ஏறிய இடமெல்லாம் இதுவும் ஏறுகிறது, இரண்டு இடம் தவிர. அந்த இரண்டுக்கும் சுற்றுப்பாதை உண்டு.

தினசரி ஓட்டத்துக்கு இது சொகுசு வண்டி இல்லை. நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், ஆளில்லாமல் போனால் வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகைக் கேட்கும். பட்டைகளைப் பிரித்துத் துருவைத் தேய்த்து கிராஃபைட் கிரீஸ் தடவிக் கோத்ததும் கேஸ் ஷாக் மாற்றியதும் பாதி குறைத்தன. பின்னால் எண்பது கிலோ ஏதாவது கிடந்தால் மீதியும் குறையும். எனக்கு அது உரமூட்டை. வெளியில் வாங்கிப் போட்ட ஏசி சித்திரை மத்தியானத்தில் துணிக்கூரையோடு சண்டை போட்டுத் தோற்கும், காலையிலும் மாலையிலும் போதும்.

துருவைத்தான் விடாமல் பார்க்க வேண்டும். சேஸி மூலைகளில் அப்பிய கரிசல் வாரக்கணக்கில் ஈரம் காக்கும். திருச்செந்தூர்ப் பக்கம் போய்வந்தால் உப்புக்காற்று வேறு. காட்டுக்குப் போய்வந்த மறுநாள் அடிப்பக்கம் கழுவாமல் ஆபீசுக்கு எடுப்பதில்லை.

புதிதாக ஜிப்சி வாங்க முடியாது. இன்று இதே தேவைக்கு யாராவது கேட்டால், 2023-ல் வந்த ஜிம்னியைப் பார்க்கச் சொல்வேன். அதே கட்டை ஆக்சில், அதே இழுவை கியர், கூடவே காயில் ஸ்பிரிங், பவர் ஸ்டீரிங், கம்பெனி ஏசி. மச்சினன் அதைத்தான் எடுத்திருக்கிறான். போன மாதம் தேரியில் காற்றைக் குறைக்காமல் இறக்கிவிட்டு, “அத்தான், கயிறு இருக்கா?” என்று போன் பண்ணினான். இருந்தது. கயிற்றை எடுக்குமுன் அவனை டயர் காற்றை 15-க்கு இறக்கச் சொன்னேன். வண்டி தானாகவே வெளியே வந்துவிட்டது.