வாட்ஸ்டேனா: கோட்டையா, தேவாலயமா?

சுவீடனின் வெட்டெர்ன் ஏரிக்கரையில் உள்ள வாட்ஸ்டேனாவில் ஒரு பொழுது மட்டுமே தங்குவோர், 1545-இல் மன்னர் குஸ்தாவ் வாசா கட்டத் தொடங்கிய கோட்டை, 1430-இல் அர்ப்பணிக்கப்பட்ட மடாலயத் தேவாலயம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரலாம். பகைவரைத் தடுக்க வெட்டிய அகழியில் இன்று உல்லாசப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருப்பது ரசிக்கத்தக்க காட்சியே; குழந்தைகளுடன் வருவோருக்குக் கோட்டையே பொருந்தும். ஆயினும் என் தேர்வு தேவாலயம்தான். எளிமையும் உறுதியும் வேண்டும் என்று, இம்மடாலயத்தை நிறுவிய புனித பிரிகிட்டா வகுத்த நெறிப்படி, உயர்ந்த கோபுரமின்றி, நீலச்சாயல் கொண்ட சாம்பல்நிறச் சுண்ணாம்புக் கல்லால் எழுந்த அக்கட்டடத்துள், 1373-இல் ரோமில் மறைந்த அவருடையவை என்று போற்றப்படும் எலும்புகளைத் தாங்கிய சிவப்பு வெல்வெட் பேழை உள்ளது. கோட்டையின் ஆடம்பரத்தை அகழிக்கு வெளியே நின்றே ஓரளவு பார்த்துவிடலாம். தேவாலயத்துக்கோ உள்ளே நுழைந்தாக வேண்டும்.