பெடல் வீலா, திருகு வீலா?

எங்கள் மரவேலை ஷெட் மார்த்தாண்டம் பக்கம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று. குமரிக்கு இரண்டு பருவமும் உண்டு. சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அந்தப் பக்கம் நிற்கிற மெஷினை உள்ளே இழுத்தாக வேண்டும். சாதாரண பிரேக் வீல் போட்டுப் பார்த்தேன். அயினிப் பலகையை இழைப்பு மெஷினில் தள்ளினால் மெஷினும் கூடவே ஆடியது. பையன் கேட்டான்: "அண்ணாச்சி, இது நிக்குதா, நடக்குதா?"

நகர்த்தும்போது சக்கரம், வேலையில் கால். அப்படி மாறுகிற வீல்தான் வேண்டும்.

பெடல் வகையை மெஷின் காலின் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். மிதித்தால் சக்கரம் இறங்கி மெஷினைத் தூக்கும், விடுவித்தால் மெஷின் தன் காலில் உட்காரும். இதில் எல்லாமே உயரக் கணக்குதான். நாலு காலுக்கும் அடியில் 6 மி.மீ. பிளைவுட் துண்டு வையுங்கள். பெடலை இறக்கிய நிலையில் சக்கரம் தரையைத் தொடும்படி பிடித்துத் துளைக்குக் குறி போடுங்கள். பிறகு துண்டை உருவிவிட்டால் மிதிக்கும்போது அந்த 6 மி.மீ. தூக்கும். நான் பேராசைப்பட்டு 12 வைத்தேன். என் எடை முழுக்கக் கொடுத்தும் பெடல் இறங்கவில்லை, மறுபடி துளை போட்டேன். மரக் கால் என்றால் ஸ்க்ரூ போதாது. முழுக்கத் துளைத்து, பெரிய வாஷர் வைத்து போல்ட் போடுங்கள்.

திருகு வகை காலுக்கு அடியில் வரும். சின்ன நைலான் சக்கரமும் ரப்பர் பாதமும் ஒன்றாக இருக்கும். வளையத்தைத் திருகினால் பாதம் இறங்கி சக்கரம் மேலே போகும். தண்ணீர் வடிய சரிவு விட்ட சிமெண்ட் தரையில் இதற்கு ஈடில்லை. மேசைமேல் ரசமட்டத்தை வைத்து ஒவ்வொரு மூலையாகச் சரிசெய்யலாம். ஆட்டம் இருந்தால் தரையில் சரியாகப் படாத பாதத்தைக் கால்வாசிச் சுற்று இறக்குங்கள், போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் நாலு மூலையிலும் குனிய வேண்டும். சின்னச் சக்கரம் மரத்தூளிலும் தரை வெடிப்பிலும் மாட்டும். மேசை உயரமும் கூடிவிடும்.

எதை வாங்கினாலும் மெஷின் எடையை மூன்றால் வகுங்கள், நாலால் அல்ல. மேடுபள்ளத் தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில்தான் இருக்கும். 150 கிலோ மெஷினுக்கு ஒரு வீல் 50 கிலோவாவது தாங்க வேண்டும். குளச்சல் மாதிரி கடலோரம் என்றால் பெடல் ஸ்பிரிங்குக்கு அடிக்கடி எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று விட்டுவைக்காது.

என் இழைப்பு மெஷினில் இப்போது திருகு வீல். அது எப்போதாவதுதான் நகரும். தினமும் இழுக்கிற பேண்ட் சா என்கிற பட்டை ரம்ப மெஷினுக்குப் பெடல். மழை கொட்ட ஆரம்பித்த பிறகு குனிந்து திருகிக்கொண்டிருக்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது.