ஊட்டிக் குளிரில் பச்சைக்குழந்தைக்கு எந்தத் தெர்மாமீட்டர்?

ஊட்டி, குன்னூர் மெடிக்கல் ஷாப்களில் சுமார் 200 ரூபாய்க்குக் கிடைக்கும், முனை வளையும், குச்சி வடிவ டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. அதே கடையில் பல மடங்கு விலையில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் கன் இன்னொன்று. பச்சைக்குழந்தைக்கு என்றால் விலை குறைந்ததே மேல்.

கன்னோடு வரும் தாளைப் பிரித்துப் பாருங்கள். அறை 10 அல்லது 15 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். ஜனவரி உறைபனியில், ஹீட்டர் இல்லாத வீட்டில் விடியற்காலை அதற்கு வழியில்லை. போதாததற்கு, குல்லாவைக் கழற்றியதும் ஒரு எண், நெற்றி ஆறியபின் வேறொரு எண்.

குச்சி வாங்கும்போது அட்டையில் அளவு 32 டிகிரி செல்சியஸில் தொடங்குகிறதா என்று பாருங்கள். பழைய பாதரசக் குச்சி பெரும்பாலும் 35-இல்தான் தொடங்கும், அது காய்ச்சலுக்கு. இங்கே பிடிக்க வேண்டியது இறக்கத்தை. பச்சைக்குழந்தை பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளாது. குளிர்ந்தால் பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும்.

அக்குளைத் துடைத்து, முனையை மேல்குழியில் தோலோடு ஒட்டவைத்து, கையை விலாவோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். இடையில் சட்டைத் துணி சிக்கினால் அளவு குறைந்துவிடும். 'பீப்' வந்ததும் எடுத்துவிடாதீர்கள்; பல குச்சிகளில் அதன்பிறகும் எண் மெல்ல ஏறும். எண் அசையாமல் நிற்கும்வரை, மூன்று நான்கு நிமிடம், பொறுக்கலாம்.

36.5 முதல் 37.5 வரை சரி. 36.0 முதல் 36.4 என்றால் குல்லா, சாக்ஸ், டயபரோடு மட்டும் அம்மாவின் வெறும் மார்பில் போட்டு, மேலே சால்வை மூடி, பால் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏறாவிட்டாலோ, 36-க்குக் கீழே இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியிலும் அதே மார்போடுதான். மூடிய அறையில் கரியடுப்பு மட்டும் கூடவே கூடாது, அதிலிருந்து வரும் நச்சு வாயு ஆளைக் கொல்லும். 37.5-ஐத் தாண்டினால் கம்பளி ஒன்றைக் கழற்றி அரைமணியில் பாருங்கள். 38 என்றால் உடனே டாக்டர்.

குறைகள்: 'பீப்' சத்தம் ரொம்ப மெல்லிசு. பட்டன் செல் குளிரில் சீக்கிரம் மங்கும். பலவற்றில் எல்ஆர்41 போடுகிறார்கள், கையோடு ஒன்று கூடுதலாக வாங்கிவிடுங்கள். செல் மூடியும் தளர்வு. குழந்தை இருக்கும் இடத்தில் செல் கழன்று விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.