சனி ஞாயிறுக்குத் திருமலையா, மட்டக்களப்பிலேயே இருப்பதா?

இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் எங்கள் மட்டக்களப்பில் பலரும் முதலில் சொல்லும் பெயர் திருமலைதான், அதாவது திருகோணமலை. கண்டி, நுவரெலியா என்று கிளம்பினால் பயணமே ஒரு நாளைத் தின்றுவிடும். திருமலைக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று வழி நெடுக எங்கள் சனம்தான். முன்பு இந்த வழியில் ஆற்றுக்கு ஆறு இறங்கி, ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் படகுப்பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். ரயிலை மறந்துவிடுங்கள். கல் ஓயா சந்திவரை சுற்றிப்போய் அங்கே மாற வேண்டும்.

இரண்டு நாளும் புதிதாக எதையாவது பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள். வாரம் முழுக்க வேலை செய்த களைப்பு ஆற வேண்டும் என்றால் போகாதீர்கள். அதற்கு மட்டக்களப்பே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

திருமலையிடம் உள்ளதும் எங்களிடம் இல்லாததும் உயரம்தான். மட்டக்களப்பு தட்டையான ஊர். எங்கே நின்றாலும் தண்ணீர் கண் மட்டத்தில்தான் இருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போய் சுவாமி மலை விளிம்பில் நின்று, காலடியில் பாறை செங்குத்தாக இறங்க, கீழே கடல் கருநீலமாகக் கிடப்பதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். போத்துக்கேயர் பழைய கோயிலை இடித்துக் கட்டிய கோட்டைக்குள்ளால்தான் இன்றைக்கும் கோயிலுக்கு வழி. உள்ளே மான்கள் சாவகாசமாக மேய்கின்றன, பிள்ளைகளுக்கு அதுவே போதும். எங்கள் கோட்டையும் போத்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றியதுதான். வாவிக் காற்று வாங்க நல்ல இடம், ஆனால் அரை மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிடலாம். இந்த விஷயத்தில் போட்டியே இல்லை.

கடல் என்று வந்தால் கொஞ்சம் பிரித்துப் பேச வேண்டும். திருமலைப் பக்கம் நிலாவெளியில் படகேறிப் புறாமலைத் தீவுக்குப் போனால் தெளிந்த தண்ணீருக்கடியில் பவளப்பாறையும் மீன்களும் தெரியும். தயவுசெய்து பவளத்தில் கால் வைக்காதீர்கள், மிதித்து உடைந்தது வளர வருடக்கணக்காகும். ஆனால் சின்னப் பிள்ளைகளைக் குளிக்கவிட நான் தேர்ந்தெடுப்பது எங்கள் பக்கத்துப் பாசிக்குடாதான். வெகு தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர், அலையும் பெரிதாக இல்லை. எங்கள் கல்லடிக் கடற்கரை பின்னேரம் உட்கார்ந்து கச்சான் (நிலக்கடலை) கொறிக்க. அதில் இறங்கிக் குளிக்க வேண்டாம்.

இரண்டு ஊரின் கடலையும் சேர்த்த ஒரு கதையும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பியிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் எங்கள் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது, தேர்ந்த சுழியோடிகள் மட்டுமே எட்டக்கூடிய ஆழத்தில்.

திருமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் விடியவே போனால் ஆறுதலாகப் பார்க்கலாம். பத்து மணிக்குப் பிறகு வரிசைதான்.

இனி எங்கள் மட்டக்களப்பு வாவி. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இந்தத் தண்ணீரை நாங்கள் தினமும் கடக்கிறோம், உட்கார்ந்து பார்ப்பது எத்தனை பேர்? 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் பொழுது சாயும் நேரம் நடந்து பாருங்கள். வாகன இரைச்சல் பக்கத்துப் புதுப் பாலத்தோடு போய்விடும். இங்கே தோணிகளும் வலை வீசுபவர்களும்தான். நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறு முனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். கேட்காவிட்டாலும் அந்த இரவு வீணில்லை. அப்புறம், குருமண்வெளியில் படகுப்பாதை ஏறி வாவியைக் கடந்து மண்டூர் முருகனிடம் ஒருமுறை போய் வாருங்கள். செலவு சொற்பம். அக்கரையில் இறங்கினால் வயல் காற்று, வேறு ஊருக்கு வந்துவிட்ட நினைப்பு.

சாப்பாட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாவி இறால், நண்டுக் கறி, பிட்டு, எருமைத் தயிர் எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும்போது, சீசன் காலத்துத் திருமலையில் கடற்கரைக் கடை விலை கொடுக்க மனம் வருவதில்லை.

திருமலைக்குப் போவதானால் மே, ஜூனில் போங்கள். அப்போது எங்கள் ஊரில் கச்சான் என்னும் மேல்காற்று அனலாக அடிக்கும். அங்கேயும் வெயில்தான், ஆனால் கடல் அமைதியாக இருக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்து வரும் வார இறுதியைத் தவிருங்கள், அறை விலை ஏறிவிடும். நவம்பர், டிசம்பரில் புறாமலைப் படகை நம்பிப் போகக் கூடாது. அந்த மழையில் வீட்டில் இருந்து, வாவி நிரம்பி முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டி ஆற்றுவாய் திறக்கும் நாளில் வெள்ளம் கடலுக்குப் பாய்வதைப் போய்ப் பாருங்கள்.